வரப்பை மொட்டையடித்தால் புழுவை யார் பிடிப்பது?

கட்டுமாவடி என்றதும் எல்லோருக்கும் மீன்தான் நினைவுக்கு வரும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகிறவர்கள் வண்டியை ஓரங்கட்டி நண்டும் இறாலும் விலை கேட்கிற ஊர். சாலையை விட்டு மேற்கே திரும்பி நடந்தால் தென்னந்தோப்பு, ஏரிக்கரை, அதையடுத்து நெல்வயல். கல்லணைக் கால்வாயின் கடைமடைப் பகுதி இது. மேட்டூர் திறந்த சேதி டி.வி.யில் வந்துவிடும், தண்ணீர் வந்து சேர்கிற நாளை யாரும் அடித்துச் சொல்ல முடியாது. ஆவணி, புரட்டாசியில் புழுதியில் விதைத்துவிட்டு ஐப்பசி மழைக்குக் காத்திருக்கிற ஒருபோகச் சம்பாதான் இங்கே கணக்கு. கார்த்திகையில் மழை விட்டு, நாலு நாள் வானம் மூட்டம் போட்டு நின்றால் போதும். பச்சை வயலில் வெள்ளைக் கோடு விழத் தொடங்கும். இலைச்சுருட்டுப் புழு வந்தாகிவிட்டது.

அந்த வாரத்தில் உரக்கடை வாசலில் நடக்கிற பேச்சு எல்லா ஊருக்கும் பொது.

"தம்பி, பயிரெல்லாம் வெள்ளை வெள்ளையா நிக்குது. என்ன அடிக்கலாம்?"

"எத்தனை நாள் பயிருண்ணே?"

"முப்பத்தஞ்சு, நாப்பது இருக்கும்."

"புழுவுக்கு ஒண்ணு, பயிரு பச்சை கட்ட ஒண்ணு. ரெண்டையும் கலந்து அடிச்சு விட்டுருங்க. வரப்புல புல்லு கெடக்காண்ணே? அதுக்கும் ஒரு டப்பா எடுத்துக்கங்க."

முதல் டப்பாவைப் பற்றிப் பேச ஆயிரம் பேர் இருக்கிறார்கள். பூச்சிமருந்தின் கெடுதி பற்றி இந்த நாற்பது ஆண்டுகளில் நிறையவே எழுதியாகிவிட்டது. மூன்றாவது டப்பாவை, வரப்புக்குப் போகிற அந்தக் களைக்கொல்லியை, யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. புழுவுக்கும் வரப்புப் புல்லுக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றலாம். நிறையச் சம்பந்தம் இருக்கிறது.

மடிப்புக்குள் ஒரு வேட்டை

இலைச்சுருட்டுப் புழுவின் பலமே அதன் வீடுதான். தாய் அந்து நெல் இலையில் ஒன்றும் இரண்டுமாக முட்டையிட்டுவிட்டுப் போகும். சில நாளில் பொரிகிற புழு கொஞ்சம் வளர்ந்ததும், இலையின் இரண்டு விளிம்பையும் வாயிலிருந்து விடும் நூலால் இழுத்துத் தைத்துக் குழாயாக்கிக்கொள்ளும். உள்ளே இருந்தபடி பச்சையத்தைச் சுரண்டித் தின்னும். ஓர் இலை தீர்ந்தால் அடுத்ததற்குப் போகும். வெளியே நிற்கிறவர் கண்ணுக்குக் கோடு தெரியும், ஆள் தெரியாது. கைத்தெளிப்பானில் அடிக்கிற மருந்து அந்தக் குழாயின் முதுகில் விழுந்து வழிய, மறைவில்லாமல் மேலே திரிகிற மற்ற பூச்சிகள்தான் முதலில் நனைந்து சாகும்.

அந்தக் குழாய்க்குள் நுழையத் தெரிந்த ஒரு வண்டு இருக்கிறது. கால் அங்குலம் சுமாருக்கு இருக்கும். செம்பழுப்பு உடம்பு, இறக்கை மூடியில் கருநீலப் பட்டை, கறுத்த தலை, ஒடுங்கி நீண்ட கழுத்து. எறும்பு என்று நினைத்துக் கடந்துபோகிறவர்களே அதிகம். வேளாண் புத்தகங்கள் தரைவண்டு என்று பொதுவாகச் சொல்கின்றன, அறிவியலில் ஓபியோனியா. தூரிலிருந்து விறுவிறுவென்று ஏறி, சுருண்ட இலையாகப் பார்த்து ஒவ்வொன்றாக நுழைந்து சோதிக்கும். உள்ளே புழு இருந்தால் அங்கேயே தின்று முடிக்கும். பளபளப்பான கறுப்பு நிறத்தில் இருக்கும் அதன் குஞ்சுப்புழுவும் இதே வேலையைச் செய்யும்.

கார்த்திகையில் வயலுக்குப் போகிறவர்கள் இதைத் தாங்களே பார்க்கலாம். சுருண்ட இலைகளில் பத்துப் பன்னிரண்டைக் கிள்ளி, நகத்தால் மெல்லப் பிரித்துப் பாருங்கள். சிலவற்றில் வெளிர்பச்சைப் புழு துள்ளும். சிலவற்றில் புழுவின் எச்சம் மட்டும் துகள் துகளாகக் கிடக்கும், புழு இருக்காது. அதிர்ஷ்டம் இருந்தால் ஒன்றில் வண்டே உட்கார்ந்திருக்கும். வெள்ளைக் கோட்டை எண்ணி மருந்தடிக்கிறவர் இந்தக் காலிக் குழாய்களையும் சேர்த்தே எண்ணிவிடுகிறார்.

பிலிப்பைன்ஸில் இருக்கும் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம், நெல்வயலில் நன்மை செய்யும் பூச்சிகளையும் சிலந்திகளையும் படம் போட்டு 1987-இல் ஒரு கையேடு வெளியிட்டது. இந்த வண்டு ஒன்று நாளொன்றுக்கு 3 முதல் 5 புழு வரை தின்னும் என்கிறது அந்தக் கையேடு. இன்னொரு தகவலும் அதில் இருக்கிறது. தண்ணீர் கட்டிய வயலில் வளர்கிற வண்டின் குஞ்சுகள், கூட்டுப்புழுவாகும் பருவத்தில் வரப்பு மண்ணுக்குப் போய்விடுமாம். வயலில் வேட்டையாடுகிற வண்டுக்குப் பிரசவ வார்டு வரப்பு. கடையில் கொடுத்த மூன்றாவது டப்பா அங்கேதான் போய்ச் சேர்கிறது.

ஆளுக்கொரு வேலை

தரைவண்டு தனியாள் இல்லை. புழுவைத் தின்ன ஓர் ஆள், புழு பொரிவதற்கு முன்பே முட்டையைத் தின்ன ஓர் ஆள், முட்டையிட வரும் அந்தைப் பறக்கும்போதே பிடிக்க ஓர் ஆள் என்று வேலை பிரிந்திருக்கிறது.

வெட்டுக்கிளி என்றாலே விவசாயிக்கு எரிச்சல். கொம்பைப் பார்த்துவிட்டுக் கோபப்படலாம். உணர்கொம்பு குட்டையாக இருந்தால் அது இலை தின்னி. உடம்பைப்போல இரண்டு மடங்குக்கு மேல் நீண்டு, நூலாக அசைந்தால் அது வேறு ஜாதி. குருத்துப்பூச்சி இலை நுனியில் குவியலாக முட்டையிட்டு, பழுப்பு மயிரால் போர்த்தி வைத்துவிட்டுப் போகிறதல்லவா, அந்த மாதிரிக் குவியல்களில் நாளொன்றுக்கு மூன்று நான்கைத் தின்று தீர்ப்பது இந்த நீள்கொம்பன். நடுவில் நாலு நெல்பூவையும் கடிக்கும். கணக்குப் பார்த்தால் அது கூலி.

தட்டான் தாழப் பறந்தால் மழை வரும் என்று சொல்கிற ஊரில், அது எதற்காகத் தாழப் பறக்கிறது என்றும் பார்க்க வேண்டும். பயிருக்கு மேலே ஒரு முழ உயரத்தில் வட்டமடித்து, எழும்புகிற அந்துகளைக் காலால் கூடைபோல் வாரிக்கொண்டு போகும். ஐப்பசி மழைக்கு முன்னால் கடற்கரை வெளியெங்கும் கூட்டமாகத் திரிகிற மஞ்சள் தட்டான் சாதாரண ஆள் இல்லை. இந்தியாவிலிருந்து கிளம்பி, மாலத்தீவு வழியாக இந்தியப் பெருங்கடலைத் தாண்டி ஆப்பிரிக்காவுக்குப் போகிறது என்று 2009-இல் வெளியான ஆய்வு சொல்கிறது. போகிற வழியில் நம் வயலில் சாப்பிட்டுவிட்டுப் போகிறது. தூருக்குள்ளேயே தாழ்வாக மிதக்கும் ஊசித்தட்டான் உள்ளூர்க்காரன். அது பயிரை விட்டு நகராது.

ராத்திரி வேலைக்கு வருவது வாலில் இடுக்கி வைத்த பூச்சி. தண்ணீர் நிற்காத புழுதி விதைப்பு வயல்தான் அதற்குப் பிடித்த இடம். குருத்துப்பூச்சி துளைத்த தண்டுக்குள்ளேயே புகுந்து புழுவைத் தேடும். கறுப்பும் ஆரஞ்சுமாகப் பட்டை போட்ட சிறு வண்டு இன்னொன்று. கையில் நசுக்கினால் தோல் கொப்பளித்துவிடும் என்பதால் பார்த்ததும் அடிக்கிறோம். நசுக்காமல் ஊதித் தள்ளிவிட்டால் அது பாட்டுக்குப் புழுவைத் தின்றுகொண்டிருக்கும்.

மேட்டு நிலத்துக் கடலைக்கொல்லையில் வேறொரு கூட்டம். நாவாய்ப்பூச்சி ஜாதியிலேயே ஒன்று, சாறு உறிஞ்சுகிற வாயைப் பயிரில் வைக்காமல் புழுவின் உடம்பில் செருகும். தன்னைவிடப் பெரிய வெட்டுப்புழுவை ஊசிமுனையில் தொங்கவிட்டபடி உறிஞ்சிக் காலித் தோலாக்கிவிட்டுப் போடும். பார்வைக்குக் கதிர்நாவாய்ப்பூச்சியின் சித்தப்பா மகன் மாதிரி இருக்கும். அதனாலேயே அடிபட்டுச் சாகிறது.

குளவி கொட்டினால் புழு குளவியாகுமா?

குளவி ஒரு புழுவைக் கொண்டுவந்து கூட்டில் வைத்துக் கொட்டிக் கொட்டிக் கடைசியில் அந்தப் புழுவையே குளவியாக்கிவிடும் என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். குருவையும் சீடனையும் பற்றிப் பேசுகிற மேடைகளில் இந்த உவமை வராமல் இருக்காது. கண்ணால் பார்த்துத்தான் சொல்லியிருக்கிறார்கள். புழு உள்ளே போனது, கூடு மூடியது, பிறகு குளவி வெளியே வந்தது, மூன்றும் உண்மை. நடுவில் நடந்தது மட்டும் கண்ணுக்குத் தப்பிவிட்டது.

மண்குளவி முதலில் சின்னதாக ஒரு மண்பானை கட்டும். உள்ளே ஒரு முட்டையை நூலில் தொங்கவிடும். பிறகு வயலுக்கும் கொல்லைக்கும் போய்ப் பச்சைப்புழுக்களைக் கொட்டி மயக்கித் தூக்கிவரும். புழு சாகாது; அசையவும் முடியாது. செத்தால் அழுகிவிடும், அசைந்தால் முட்டை நசுங்கிவிடும். ஒரு பானைக்குப் பல புழு. அடைத்து முடித்ததும் வாயை மண்ணால் பூசிவிட்டு அடுத்த பானை. முட்டையிலிருந்து வரும் குஞ்சு ஒவ்வொரு புழுவாகத் தின்று வளர்ந்து, கூட்டை உடைத்துக்கொண்டு குளவியாக வெளியேறும்.

வீட்டில் குளவி கூடு கட்டினால் பிள்ளை பிறக்கும் என்ற நம்பிக்கையால் சுவரில் இருக்கிற மண்கூட்டை நம் வீட்டுப் பெண்கள் இடிக்க விடமாட்டார்கள். அந்த ஒரு நம்பிக்கை எத்தனை புழுவைத் தின்னவைத்திருக்கும்! வேலியிலும் பனைமட்டையிலும் காகிதம்போல் கூடு கட்டுகிற குளவிகளுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. அவையும் புழுவைக் கடித்துக் கூழாக்கி உருண்டை பிடித்துக் குஞ்சுக்கு ஊட்டுகிறவைதான். தீப்பந்தம் கொளுத்திக் கூட்டோடு எரிக்கிறோம். நடமாட்டம் உள்ள இடத்தில் இருந்தால் எரிப்பதில் நியாயம் உண்டு. ஆள் போகாத வேலிக்கோடியில் இருப்பதை எரிக்க என்ன அவசியம்?

தென்னைக்கும் இப்படி ஆள் உண்டு. பேராவூரணி முதல் மணமேல்குடி வரை தென்னை வைத்திருக்கிறவர்களுக்குக் கருந்தலைப் புழுவை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. கீற்றின் அடியில் நூலும் எச்சமும் கலந்து பந்தல் போட்டு, அதற்குள் மறைந்து சுரண்டும். கோடையில் தோப்பே தீய்ந்ததுபோல் நிற்கும். அந்தப் பந்தலுக்குள் நுழைந்து தின்னவும் ஒரு தரைவண்டு இருக்கிறது. ஆய்வகத்தில் வளர்த்துத் தோப்பில் விடுகிற கோனியோசஸ் என்ற சிறு குளவி இன்னும் ஒரு படி மேல்: புழுவை மயக்கி அதன்மேல் முட்டையிட்டுவிட்டு, குஞ்சு வளரும்வரை அங்கேயே காவல் இருக்கும். 2018 நவம்பர் கஜா புயலுக்குப் பிறகு நட்டு வளர்ந்துவரும் இளந்தோப்புகளில் இந்தக் காவலர்களுக்கு வேலை இனிமேல்தான்.

தை முடிந்தால் எங்கே போகும்?

இதுவரை சொன்னது நல்ல சேதி. கவலை இங்கேதான் ஆரம்பிக்கிறது.

முப்போகம் விளைகிற ஊரில் ஒரு வயல் அறுத்தாலும் பக்கத்து வயலில் பச்சை இருக்கும். பூச்சிகள் இடம் மாறிக்கொள்ளும். கட்டுமாவடிப் பக்கம் அப்படியில்லை. தை, மாசியில் அறுப்பு மெஷின் இறங்கி ஏறினால் அடுத்த ஆவணி வரை வயல் வெறும் கட்டாந்தரை. தண்ணீர் கிடக்கிற சில இடங்களில் உளுந்து தெளிப்பார்கள். மற்றபடி ஆறேழு மாதம் காய்ச்சல். அந்த ஆறேழு மாதம் தரைவண்டும் கும்பிடுபூச்சியும் நீள்கொம்பனும் எங்கே குடியிருக்கும்? வரப்புப் புல்லில், வரப்பு மண்ணில், ஏரிக்கரைச் செடியில். வேறு போக்கிடம் கிடையாது. கும்பிடுபூச்சியின் முட்டைக்கூடு, நுரை காய்ந்து இறுகினதுபோல வரப்புச் செடித்தண்டில் ஒட்டிக்கொண்டிருக்கும். நீள்கொம்பன் புல்லின் தோகைக்குள் முட்டையைச் செருகி வைக்கும். மழை விழுந்து பயிர் எழும்பியதும் இந்தக் கூட்டம்தான் முதலில் வயலுக்குள் இறங்கும். புழு பெருகிய பிறகு இறங்கினால் பிரயோசனமில்லை. முன்னாலேயே இறங்கியிருக்க வேண்டும். அதற்கு அது பக்கத்தில் உயிரோடு இருந்திருக்க வேண்டும்.

முன்பு வரப்பு எப்படி இருந்தது? விதைப்புக்கு முன் மண்வெட்டியால் அண்டை வெட்டிக் கழிப்பார்கள். பக்கவாட்டுப் புல் போகும், மேல்புல்லை மாடு மேயும், வேர் மண்ணில் நிற்கும். இரண்டு மழைக்குப் பிறகு திரும்பத் தழைக்கும். பூச்சிக்கு இடைஞ்சல் இருந்தது, வீடு பறிபோகவில்லை.

இப்போது அண்டை வெட்ட ஆள் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் கூலி கட்டுப்படியாகவில்லை. டப்பா மலிவு. காலையில் அடித்தால் ஒரு வாரம் பத்து நாளில் வரப்பு முழுக்க வைக்கோல் நிறம். வேரோடு சாகிறது. புல்லோடு சேர்ந்து மூக்கிரட்டை, தும்பை, நெருஞ்சி, தொட்டாற்சுருங்கி என்று பூக்கிற எல்லாமே போகிறது. புல்லில் முட்டை வைத்தது, மண்ணில் கூடு கட்டியது, பூவில் தேன் குடித்தது எல்லாவற்றுக்கும் ஒரே நாளில் வீடு காலி. கோடையில் வரப்புக்குத் தீ வைக்கிற வழக்கம் மிச்சத்தையும் முடித்துவிடுகிறது. ட்ரோன் வந்த பிறகு வயலுக்கு அடிக்கிற பூச்சிமருந்தும் காற்றில் வரப்போடு சேர்த்தே இறங்குகிறது.

களைக்கொல்லிகளில் அதிகம் விலைபோகிற கிளைபோசேட், நம் நாட்டில் தேயிலைத் தோட்டத்துக்கும் பயிரில்லாத நிலத்துக்கும் என்று பதிவான மருந்து. பயிற்சி பெற்ற பூச்சிக் கட்டுப்பாட்டாளர் மூலமாகவே அதைத் தெளிக்க வேண்டும் என்று 2022 அக்டோபரில் மத்திய அரசு அறிவிக்கையும் வெளியிட்டது. வரப்பு பயிரில்லாத நிலம்தானே என்று வாதம் வரும். பயிரில்லாத நிலம்தான். பயிரைக் காக்கிறவை குடியிருக்கிற நிலமும் அதுதான்.

இதில் வேடிக்கை ஒன்று உண்டு. இயற்கை வழிக்கு மாற நினைக்கிறவர்கள் முட்டை ஒட்டுண்ணி அட்டை வாங்குகிறார்கள். டிரைக்கோகிரம்மா என்ற கடுகிலும் சிறிய குளவியை அந்துப்பூச்சி முட்டையில் வளர்த்து அட்டையில் ஒட்டித் தருகிறார்கள். குருத்துப்பூச்சிக்கும் இலைச்சுருட்டுக்கும் ஏக்கருக்கு 2 சிசி வீதம், வாரம் ஒருமுறையாகக் கட்டச் சொல்வது பரிந்துரை. அருமையான வழி. ஆனால் அந்தக் குளவி வெளியே வந்ததும் சில நாளாவது பிழைத்திருக்கத் தேன் வேண்டும். தேனுக்குப் பூ வேண்டும். பூ வரப்பில் இருக்க வேண்டும். வரப்பில் ஒரு பூ விடாமல் கருக்கிவிட்டு வயலுக்குள் அட்டை கட்டுவதில் என்ன பலன் மிஞ்சும்?

நூறு சென்டில் மூன்று சென்ட்

வரப்பு எவ்வளவு இடம்? ஒரு ஏக்கர் சதுர வயலுக்குச் சுற்றளவு சுமார் 250 மீட்டர். ஒன்றரை அடி அகல வரப்பு என்று வைத்தால் மொத்தமே மூன்று சென்டுக்குள் அடங்கிவிடும். அதிலும் பாதி அடுத்த வயல்காரருக்குச் சேர வேண்டியது. இந்த மூன்று சென்டை வைத்து என்ன செய்துவிட முடியும் என்று கேட்கிறவர்களுக்குப் பக்கத்து நாடுகளில் பதில் இருக்கிறது.

தாய்லாந்து, சீனா, வியட்நாம் மூன்று நாடுகளிலும் நெல்வயல் ஓரத்தில் தேன் சுரக்கும் பூச்செடிகளை வளர்த்து, நாலு ஆண்டுகள் கணக்கெடுத்தார்கள். முடிவு 2016-இல் நேச்சர் பிளாண்ட்ஸ் என்ற அறிவியல் இதழில் வந்தது. பூ வைத்த வயல்களில் பூச்சிமருந்து தெளிப்பு 70 சதவீதம் குறைந்தது. மகசூல் 5 சதவீதம் கூடியது. சீனாவில் வரப்புக்கு அவர்கள் எடுத்த செடிகளில் ஒன்று எள். எள்ளை நமக்கு அறிமுகப்படுத்த யாரும் வர வேண்டியதில்லை.

வியட்நாமின் மீகாங் டெல்டாவில் 1994-இல் ஒரு பிரசாரம் நடந்தது. சொன்ன சேதி ஒன்றே ஒன்று: விதைத்த முதல் 40 நாள் இலை தின்னும் புழுவுக்கு மருந்தடிக்காதீர்கள். இளம்பயிர் இழந்த இலையைத் தானே ஈடுகட்டிக்கொள்ளும், அந்த 40 நாளில் அடிக்கிற மருந்து வேட்டைப் பூச்சிகளைத்தான் முதலில் ஒழிக்கும் என்பது காரணம். வானொலியிலும் நாடகத்திலும் இதையே திரும்பத் திரும்பச் சொன்னார்கள். சில ஆண்டுகளில் அங்கே விவசாயிகள் ஒரு போகத்துக்கு அடிக்கிற தடவை ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. உரக்கடை வாசலில் கேட்ட அந்த முப்பத்தைந்து, நாற்பது நாள் பயிரை இப்போது நினைத்துக்கொள்ளுங்கள்.

இந்தோனேசியா இதைக் கசப்பாகக் கற்றது. மருந்துக்கு மானியம் கொடுத்து அடிக்கச் சொன்ன நாடு அது. அடிக்க அடிக்கப் புகையான் பெருகியது; புகையானைத் தின்கிற பூச்சிகள் மருந்தில் செத்ததுதான் காரணம் என்று தெரிந்தது. 1986-இல் ஒரே ஆணையில் நெல்லுக்கு 57 வகை மருந்துகளைத் தடை செய்து, பிறகு மானியத்தையும் நிறுத்தினார்கள். வயல்வெளிப் பள்ளி என்று விவசாயிகளை வயலிலேயே உட்காரவைத்துப் பூச்சிகளை அடையாளம் காட்டினார்கள்.

இன்னும் பழைய கதை வேண்டுமென்றால் சீனாவில் இருக்கிறது. ஆரஞ்சு மரத்தில் கட்டுவதற்காகச் சந்தையில் எறும்புக்கூடு விலைக்கு விற்றதை கி.பி. 304-இல் எழுதப்பட்டதாகச் சொல்லப்படும் ஒரு நூல் குறித்து வைத்திருக்கிறது. நம் மாமரத்தில் இலையைத் தைத்துக் கூடு கட்டுகிற முசுறுவின் ஜாதிதான் அந்த எறும்பு. அவர்கள் காசு கொடுத்து வாங்கினார்கள். நாம் கடிக்கிறதே என்று மருந்தடிக்கிறோம்.

எதிர்வாதம்

வரப்பில் புல் இருந்தால் எலி வளை போடும், கதிர்நாவாய்ப்பூச்சி தங்கும், இலைச்சுருட்டுப் புழுவே புல்லில் வளர்ந்து வயலுக்கு வரும் என்று வேளாண் துறையினர் சொல்வார்கள். வரப்பைச் சுத்தமாக வையுங்கள் என்று பரிந்துரையிலும் இருக்கிறது. அதில் உண்மை உண்டு. வரப்பைக் குறுகலாக வைப்பதும் கோரை, தர்ப்பைப் புற்களைக் கழிப்பதும் சரி. கழிப்பது வேறு, கருக்குவது வேறு.

என்ன செய்யலாம்?

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகப் பரிந்துரையிலேயே வழி இருக்கிறது: வரப்புப் பயிராக உளுந்து, தட்டைப்பயறு. பயறு ஆராய்ச்சிக்குப் பேர்போன வம்பன் நம் மாவட்டத்திலேயே இருக்கிறது, விதைக்குப் பஞ்சமில்லை. தட்டைப்பயறில் பூவுக்கு வெளியிலும் தேன் சுரக்கும் இடங்கள் உண்டு; பூ உதிர்ந்த பிறகும் குளவியும் எறும்பும் பொறிவண்டும் அதை மொய்க்கும். கடலைக்கொல்லை வரப்பில் ஆமணக்கு வைப்பது நம் பாட்டன் வழக்கம். வெட்டுப்புழுவின் தாய் அந்து ஆமணக்கு இலையைத் தேடிப்போய் முட்டையிடும். இலையோடு கிள்ளி அழித்துவிடலாம். ஆமணக்கின் இலைக்காம்பிலும் தேன் சுரக்கும். ஓரமாக எள்ளும் நாலு செண்டும் தூவிவிட்டால் செலவு பெரிதாக இல்லை.

மருந்தடிக்கும் முன் எண்ணிப் பாருங்கள். இளம்பருவத்தில் நூறு இலையில் பத்து இலை சேதம், பூக்கும் பருவத்தில் கண்ணாடி இலையில் நூற்றுக்கு ஐந்து. இதைத் தாண்டினால்தான் மருந்து என்பது பரிந்துரை. அதற்குக் கீழே இருந்தால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதே நல்ல விவசாயம். மனசு கேட்கவில்லையென்றால், பயிரின் மேல் கயிறு இழுத்துச் சுருண்ட இலையைக் குலைத்து விடுங்கள். வெளியே விழுகிற புழுவைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறது. அதுவும் போதாதென்றால் ஏக்கருக்கு 10 கிலோ வேப்பங்கொட்டையை இடித்து ஊறவைத்து 200 லிட்டராகக் கலந்து, 5 சதவீதச் சாறாக மாலையில் அடிக்கலாம். யூரியாவை அள்ளிக் கொட்டிப் பயிரைக் கருகரு என்று வளர்ப்பது இலைச்சுருட்டுக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பதற்குச் சமம், பிரித்துப் போடுங்கள்.

வேளாண் துறைக்கும் ஒரு வார்த்தை. பூச்சிமருந்துக்கு எச்சரிக்கை, விதைக்கு மானியம், அட்டைக்கு மானியம் எல்லாம் இருக்கிறது. வரப்பும் கணக்கில் வர வேண்டும். அண்டை வெட்டுக் கூலிக்கு ஒரு வழி, வரப்பு விதைக்கு ஒரு சின்னப் பொட்டலம், இரண்டும் கிடைத்தால் மூன்றாவது டப்பா தானாகவே கடை அலமாரியில் தங்கிவிடும்.

அறுப்பு முடிந்து வரப்பைச் சுத்தம் செய்ய நினைக்கிறவர்களிடம் கேட்பது இவ்வளவுதான். எல்லா வயலிலும் வேண்டாம். வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள ஒரே ஒரு வயலின் வரப்புக்கு இந்த வருஷம் களைக்கொல்லி அடிக்காதீர்கள், தீ வைக்காதீர்கள். மழை விழுந்ததும் இரண்டு படி தட்டைப்பயறை ஊன்றுங்கள். கார்த்திகையில் அந்த வயலிலும் மற்ற வயலிலும் சுருண்ட இலைகளைக் கிள்ளிப் பிரித்து, எதில் காலிக் குழாய் அதிகம் என்று நீங்களே எண்ணுங்கள். அடுத்த போகத்துக்கு டப்பா வாங்குவதா வேண்டாமா என்பதை அந்தக் கணக்கைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.